மூடி திறக்காத பெட்டி: உடன்படிக்கைப் பெட்டி மாதிரிகளை வாங்குமுன்

எருசலேம் பழைய நகரத்துச் சந்துக் கடைகளில் பொன்னிறத்தில் மின்னும் உடன்படிக்கைப் பெட்டி (பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைக்க மோசே செய்வித்த பெட்டி) மாதிரிகள் விற்கின்றன. புனிதப் பயணம் போகிறவர்கள் பலர் ஒன்று வாங்கிவந்து வீட்டு அலமாரியிலோ ஓய்வுநாள் பள்ளி மேசையிலோ வைக்கிறார்கள். ஒட்டுப்பலகையை லேசரில் வெட்டி, நாமே கோத்துக்கொள்ளும்படி அனுப்பும் தொகுப்புகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. தச்சரிடம் சொல்லி முழு அளவிலேயே செய்துவைக்கும் சபைகளும் உண்டு. இந்த மூன்று வகைக்கும் இங்கே ஒரே உரைகல்தான்: வேதாகமக் காலத்தில் பெட்டி என்று எதைச் சொன்னார்களோ, அதுவாக இது இருக்கிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வார்ப்பு மாதிரிகளில் பெரும்பாலானவை சிற்பமாகத் தேறும், பெட்டியாகத் தேறாது. ஒட்டுப்பலகைத் தொகுப்பு பாடம் நடத்த நல்லது, விலைக்கும் தகும். முழு அளவு மரவேலைக்குச் செலவும் உழைப்பும் கூடுதல். ஆனால் அளவும் சுமக்கும் தண்டும் மூடியும் சரியாக அமைந்துவிட்டால் அதற்கு ஈடு இல்லை.

பெட்டி என்ற சொல்லில் தொடங்குவோம், ஏனென்றால் மாதிரி செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். எபிரெயத்தில் இதற்கு ‘அரோன்’ என்று பெயர். (மோசேயின் அண்ணன் ஆரோன் பெயருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, எழுத்தே வேறு.) அரோன் என்பது புழக்கத்தில் இருந்த சாதாரணச் சொல். எகிப்தில் யோசேப்பின் உடலை வைத்த பெட்டியும் அரோன். யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயப் பழுதுபார்ப்புக்குப் பணம் சேர்த்த பெட்டியும் அரோன். மூடி உள்ள, பொருளை உள்ளே வைத்துக் காக்கிற மரப்பெட்டி என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. நோவாவின் பேழைக்கும், குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டிக்கும் எபிரெயத்தில் ‘தேபா’ என்ற வேறு சொல் வருகிறது. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு நோவாவுக்குப் பேழை, மோசேயின் சாட்சிப் பலகைகளுக்குப் பெட்டி என்று பிரித்துக் காட்டுகிறது. திருவிவிலியம் ‘உடன்படிக்கைப் பேழை’ என்கிறது. ஆகவே இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் வேறு வேறு பொருட்கள் வரும்.

இனி அளவு. யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம், உயரம் ஒன்றரை முழம் என்கிறது. முழம் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியாவிட்டாலும் விகிதத்தைப் பிடித்துவிடலாம்: 5க்கு 3க்கு 3. வாங்குமுன் அளவுநாடாவை எடுத்து, மூடியையும் அதன்மேல் உள்ள சிறகுள்ள காவல் உருவங்களான கேருபீன்களையும் தண்டுகளையும் கணக்கில் சேர்க்காமல் பெட்டியின் உடலை மட்டும் அளந்துபாருங்கள். 15 செ.மீ. நீளமென்றால் அகலமும் உயரமும் 9 செ.மீ. இருக்க வேண்டும். 20 என்றால் 12. 25 என்றால் 15. இணையத்தில் வாங்குவதானால், படத்தின் கீழே தரும் உயரம் பெரும்பாலும் சிறகு நுனிவரை அளந்தது, அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. உடலின் அளவை மட்டும் கேட்டு வாங்குங்கள். அகலத்தைக் குறைத்து, பக்கவாட்டில் பார்த்தால் சப்பையாகத் தெரியும்படி வார்த்த மாதிரிகள் நிறைய உண்டு. முன்பக்கப் படத்தில் அது தெரியாது. குறுக்குப் பக்கம் சதுரமாக இருக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை: அகலமும் உயரமும் ஒன்று, ஆகவே குறுக்குப் பக்கம் கட்டாயம் சதுரம்.

முழ அளவில் செய்கிறவர்களுக்கு முழம் எவ்வளவு என்ற கேள்வி வரும். எருசலேமில் சீலோவாம் சுரங்கக் கல்வெட்டு, தண்ணீர் ஓடிய தூரம் 1200 முழம் என்கிறது. சுரங்கத்தின் நீளம் சுமார் 533 மீட்டர். வகுத்தால் ஒரு முழம் 44.4 செ.மீ. அந்தக் கல்வெட்டு 1200 என்று முழு எண்ணாகச் சொல்வதால் ஒரு சென்டிமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம். எகிப்தின் அரச முழம் சுமார் 52.5 செ.மீ. முதல் கணக்கில் பெட்டி 111 × 67 × 67 செ.மீ. இரண்டாவதில் 131 × 79 × 79. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்ததைக் கடைசிவரை விடக் கூடாது. பெட்டிக்கு ஒரு முழமும் மேசைக்கு இன்னொரு முழமுமாகச் செய்த ஆசரிப்புக் கூடாரத் (பெட்டியும் மேசையும் இருந்த வழிபாட்டுக் கூடாரம்) தொகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடனே பொருந்தாமல் நிற்கும். மேசையும் பெட்டியைப் போல ஒன்றரை முழ உயரம்தான், மட்டம் ஒத்துப்போக வேண்டும். எங்கள் பரிந்துரை 44.5 செ.மீ. வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போக அதுவே வசதி.

வார்ப்பு மாதிரிகள்

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே பொன்னிற முலாம். கையில் எடுத்தால் கனம் நன்றாக இருக்கும், அந்தக் கனத்தை நம்பிப் பித்தளை என்று நினைத்துவிடுகிறார்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முலாம் சரியாக ஏறாத மூலையில் சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம்.

இந்த வகையின் பெரிய குறை மூடி. பலவற்றில் மூடியும் உடலும் ஒரே வார்ப்பு, திறக்கவே திறக்காது. அந்த மூடியைக் கிருபாசனம் (பெட்டியின் மூடிக்கு வேதம் தரும் பெயர்) என்று குழந்தைகளுக்குக் காட்டினால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘உள்ளே என்ன இருக்கு?’ என்பதுதான். திறக்காத பெட்டி அந்தப் பாடத்தையே முடக்கிவிடும். திறக்கிற வகையிலும் சிலர் பின்புறம் கீல் வைத்துவிடுகிறார்கள். யாத்திராகமம் சொல்லும் மூடி கீலில் தொங்குவது அல்ல. பெட்டியின் நீள அகலத்துக்கே தனியாகச் செய்து மேலே வைப்பது. தூக்கி எடுத்துவிடக் கூடிய தனி மூடி உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

இரண்டாவது, சிறகு. துத்தநாக வார்ப்பு முறியும், வளையாது. பயணப் பையில் துணிக்கு நடுவே வைத்தாலும் சிறகு நுனிதான் முதலில் போகும். மூடியைத் தனியாகக் கழற்றி, சிறகுகளுக்கு இடையே மெல்லிய துணியைத் திணித்து, கெட்டியான அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது நல்லது. முறிந்துபோனால் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். இந்தக் கலவை 400 டிகிரி செல்சியசை எட்டுமுன்பே உருகத் தொடங்கும், பற்றவைப்பவரின் சுவாலையில் சிறகே கரைந்துவிடும். இரண்டு பகுதிகளாக வரும் எபாக்ஸிப் பசையை முறிந்த இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி ஒரு நாள் அசையாமல் வைத்தால் போதும்.

கேருபீன்களின் உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேதம் சொல்வது இவ்வளவுதான்: மூடியின் இரு முனையிலும் ஒன்று ஒன்று, முகம் ஒன்றுக்கொன்று எதிராக, பார்வை மூடியின்மேல், சிறகுகள் மேலே விரிந்து மூடியை நிழலிடும், மூடியும் கேருபீன்களும் ஒரே பொன்னை அடித்துச் செய்தவை. மாதிரிகளில் வருவது மண்டியிட்ட, நீண்ட அங்கி போட்ட ஐரோப்பிய ஓவியத் தேவதூதர்கள். அந்தக் கானான், பெனிக்கே நிலத்தில் தோண்டி எடுத்தவற்றில் அரியணைக்குக் காவலாக நிற்பது சிறகுள்ள சிங்க உடலும் மனித முகமும் கொண்ட உருவம். மெகிதோவில் கிடைத்த தந்தச் செதுக்கலிலும், பிப்லோஸ் நகரில் 1923-இல் கண்டெடுத்த அகிராம் ராஜாவின் கல் சவப்பெட்டியிலும் ராஜா அப்படிப்பட்ட உருவங்கள் தாங்கும் அரியணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எது சரி என்று அடித்துச் சொல்ல வேத வசனம் இடம் தரவில்லை. ஆனால் முகம் எதிரெதிராக இருக்க வேண்டும், பார்வை கீழே இருக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. இரண்டு கேருபீன்களும் முன்னால் நிற்கிற நம்மைப் பார்க்கும்படி வார்த்த மாதிரி இருந்தால் வேறொன்றைப் பாருங்கள்.

உள்ளே வைத்துத் தரும் கற்பலகைகளையும் சோதியுங்கள். மேற்புறம் வளைந்த இரட்டைப் பலகை ஐரோப்பியச் சித்திரக்காரர்களின் வழக்கம். யூத மரபு நூலான தால்மூத் கொடுக்கும் அளவு நீளம் ஆறு கையகலம், அகலமும் ஆறு, கனம் மூன்று: சதுரமான கல். (ஒரு கையகலம் என்பது நாலு விரற்கடை, முழத்தில் ஆறில் ஒரு பங்கு.) பலகையில் ரோம எண்கள் பொறித்திருந்தால் அதைக் கழித்துவிடலாம். எழுத்து வேண்டுமென்றால் சீலோவாம் கல்வெட்டில் உள்ள பழைய எபிரெய எழுத்து வடிவம் பொருத்தம். இன்று அச்சில் வரும் சதுர எபிரெய எழுத்து பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு நிலைத்தது. மன்னாப் பாத்திரத்தையும் ஆரோனின் கோலையும் உள்ளே வைப்பதா என்ற கேள்விக்கு இரண்டு வாசகங்கள் உண்டு. எபிரெயர் நிருபம் 9-ஆம் அதிகாரம் அவற்றையும் பெட்டியோடு சேர்த்துச் சொல்கிறது. சாலொமோன் ஆலயத்தில் கொண்டுவந்து வைத்தபோது இரண்டு கற்பலகைகளைத் தவிர உள்ளே வேறொன்றும் இல்லை என்று 1 இராஜாக்கள் 8 சொல்கிறது. பாடம் நடத்தும்போது இரண்டையும் கழற்றி எடுக்கும்படி வைத்திருந்தால் இரண்டு வசனத்தையும் காட்டலாம்.

ஒட்டுப்பலகைத் தொகுப்பு

3 மி.மீ. ஒட்டுப்பலகை அல்லது எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை) தாளில் வெட்டிய துண்டுகள் தட்டையான அட்டையில் வரும். துண்டுகளைப் பிரிக்கும்போது கையால் அழுத்தித் தள்ளாமல், விட்டுவைத்த இணைப்பு நுனிகளைக் கத்தி வைத்து அறுத்து எடுங்கள். தள்ளினால் பின்பக்க மேல்தாள் பிய்ந்துவரும், பொன்னிற வண்ணம் பூசியபின் அந்தப் பிய்சல் அப்படியே தெரியும். லேசர் சுட்ட கரிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் வண்ணம் பூசினால் பழுப்புக் கோடு மேலே வந்துவிடும்.

எம்.டி.எஃப். என்றால் முதலில் ஒரு பூச்சு சீலர் (ஈரம் உறிஞ்சாமல் தடுக்கும் அடிப்பூச்சு) கொடுத்தே ஆக வேண்டும், வெட்டிய விளிம்புகள் தண்ணீர் வண்ணத்தை உறிஞ்சி உப்பிவிடும். கடலோர ஊர்களில் ஒட்டுப்பலகையே தேவலாம். பெட்டியின் உட்புறத்துக்கும் பொன்னிறம் பூசுங்கள், ‘உள்ளும் புறமும்’ பொன்தகடு என்றே கட்டளை இருக்கிறது. கோத்து முடித்தபின் உள்ளே தூரிகை போகாது என்பதால், ஒட்டுவதற்கு முன்பே உட்புறப் பக்கங்களைப் பூசி, பசை படும் விளிம்பில் மட்டும் வண்ணம் படாமல் நாடா ஒட்டிவிடுங்கள். வண்ணத்தின்மேல் பசை பிடிக்காது.

இந்த வகையில் வழக்கமாகப் பிசகுவது தண்டு. குச்சியைப் பெட்டி உடலின் துளைக்குள் நேராகச் செருகிவிடும்படி சில தொகுப்புகள் வருகின்றன. வளையம் வேண்டும். நான்கு வளையம், ஒரு பக்கத்துக்கு இரண்டு, அவற்றுக்குள் தண்டு. பித்தளைக் கம்பி வளையம் நான்கை வாங்கி நீங்களே பொருத்திவிடலாம்.

தச்சரிடம் சொல்லிச் செய்வது

இங்கேதான் பெட்டி உண்மையில் பெட்டியாகிறது, கணக்கும் இங்கேதான் வேலை வாங்குகிறது.

மரம் முதலில். சீத்திம் மரம் என்று நம் வேதாகமம் எபிரெயச் சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அது பாலைவன வேல மரம். சீனாயிலும் அராபா பள்ளத்தாக்கிலும் இன்றும் குடைபோல விரிந்து நிற்கிறது. நம் ஊர்க் கருவேலம் அதே இனம், நைல் கரையில் எகிப்தியர் பெட்டியும் படகும் செய்ததும் இந்தக் கருவேலமேதான். ஆகவே தமிழ்நாட்டில் செய்கிறவர்கள் தேக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் தச்சர்கள் நம்பிய கருவேலமே கட்டளைக்கு மிக நெருங்கிய மரம். சீமைக்கருவேலம் வேறு, அது அமெரிக்காவிலிருந்து வந்தது. மரக்கடையில் சொல்லும்போது நாட்டுக் கருவேலம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த மரத்தின் குணம் தெரிந்து வாங்க வேண்டும். வைரம் பாய்ந்த நடுப்பகுதி இறுகியது, பூச்சி அண்டாது. வெளிப்புற வெள்ளையில் வண்டு துளைக்கும், அதை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். வெட்டியவுடன் குளத்தில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் காயவைப்பது தச்சர் வழக்கம், அவசரப்பட்டால் வெடிக்கும். அடிமரம் கோணலாகவும் குட்டையாகவும் இருப்பதால் 67 செ.மீ. அகலத்துக்கு ஒரே பலகை கிடைக்காது. நாலைந்து பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, நடுவே மர ஆணி கொடுத்து ஒட்ட வேண்டும். எகிப்தியத் தச்சர்களும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுக்கும் அகலமான மரம் கிடையாது. கேதுரு லீபனோனிலிருந்து வர வேண்டியிருந்தது. மூலைகளில் அவர்கள் புறா வால் போல விரிந்த பல்லை அடுத்த பலகையின் பள்ளத்தில் கோத்தார்கள், அல்லது துளையில் நாக்கைச் செருகி மர ஆணியால் இறுக்கினார்கள். மூடி வளையாமல் இருக்க உட்புறம் குறுக்குச் சட்டம் அடித்தார்கள். இவற்றை நேரில் காண இத்தாலியின் தூரின் நகர எகிப்திய அருங்காட்சியகம் மிகச் சிறந்த இடம். 1906-இல் கண்டெடுத்த காவும் மெரித்தும் என்ற தம்பதியின் கல்லறைப் பொருட்கள் அங்கே உள்ளன. துணிமணி மடித்து வைத்த மரப்பெட்டிகளை அவற்றின் துணியோடே பார்க்கலாம். விலை உயர்ந்த பதிப்பு வேலைபோலத் தெரிவதற்காக மேலே வெறும் வண்ணத்தால் கோலம் தீட்டிய பெட்டிகளும் அவற்றில் உண்டு.

எடையைப் பார்ப்போம். 2.5 செ.மீ. கனப் பலகையில் 111 × 67 × 67 பெட்டி செய்தால் மூடியில்லாமல் மரம் மட்டும் 60 கிலோவைத் தாண்டும். பொன் தகடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்றாலும் உள்ளும் புறமும் சேர்த்து ஏறக்குறைய 12 கிலோ. மூடியின் கனம் வேதத்தில் இல்லை. யூத மரபு ஒரு கையகலம், அதாவது நாலு விரற்கடை என்கிறது. 44.5 செ.மீ. முழத்தில் அது 7.4 செ.மீ. பசும்பொன் அவ்வளவு கனத்தில் 111 × 67 செ.மீ. பரப்புக்கு வந்தால் 1060 கிலோ ஆகிவிடும். கூடாரம் முழுவதற்கும் செலவான பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்று யாத்திராகமம் 38 கணக்குத் தருகிறது. அதே அதிகாரத்தின் வெள்ளிக் கணக்கிலிருந்து ஒரு தாலந்துக்கு 3000 சேக்கல் என்று தெரிகிறது. யூதாவில் தோண்டி எடுத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். ஆக மொத்தப் பொன் சுமார் 990 கிலோதான். குத்துவிளக்குக்கே ஒரு தாலந்து போயிருக்கிறது, மேசை, தூபபீடம், கூடாரப் பலகைகள் எல்லாம் மிச்சம் இருக்கின்றன. ஆகவே நாலு விரற்கடை கனமுள்ள மூடி இந்த முழக் கணக்கில் பொருந்தாது. 5 மி.மீ. என்றால் மூடி 72 கிலோ. மரமும் தகடும் மூடியும் சேர்த்து 145 கிலோ அளவில் நிற்கும், கேருபீன்களும் கற்களும் தண்டும் தனி. இரண்டு தண்டின் நாலு முனைக்கும் பங்கிட்டால் சுமக்கக்கூடிய பாரம்தான், ஆனால் ஆட்களை மாற்றி மாற்றிச் சுமக்க வேண்டும். பெட்டியைச் சுமந்த லேவியர் பிரிவான கோகாத் புத்திரர் தோளிலே சுமக்க வேண்டும், அவர்களுக்கு மட்டும் வண்டி கொடுக்கவில்லை என்று எண்ணாகமம் 7 சொல்வதை இந்தப் பாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

மாதிரிக்குப் பொன் தகடு யாரும் போடப்போவதில்லை. பித்தளை இலைத்தாள் ஒட்டுகிறவர்கள் மேலே அரக்கு வார்னிஷ் இரண்டு கை கொடுக்காவிட்டால் ஈரக்காற்றில் கறுத்துவிடும். தகடையே ஆணி வைத்து அடித்தால் வேறு தொல்லை: மரம் பருவத்துக்குப் பருவம் இழைக்குக் குறுக்கே சுருங்கும், விரியும், தகடு அப்படி அசையாது. சில மாதத்தில் தகடு நடுவே புடைத்து நிற்கும். ஆணித்துளையைச் சற்று நீள்வட்டமாகப் போட்டால் மரம் அசைய இடம் கிடைக்கும். மேல் விளிம்பைச் சுற்றி வரும் பொன் திரணையை (விளிம்புப் பட்டையை) மறந்துவிடாதீர்கள், பல மாதிரிகளில் அதை அடிப்பாகத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

வளையம் எங்கே என்பதில் தச்சர் உங்களைக் கேட்பார், பதில் தயாராக இருக்கட்டும். தமிழ் வேதாகமம் நாலு மூலை என்கிறது. எபிரெயச் சொல்லுக்குக் கால், அடி என்ற பொருள் உண்டு. வளையம் அடியில் இருந்தால், தோளில் தூக்கும்போது பெட்டி முழுவதும் தோளுக்கு மேலே உயர்ந்து நிற்கும். பார்க்கக் கம்பீரம், ஆனால் பாரம் தண்டுக்கு மேலே இருப்பதால் ஒருவர் கால் இடறினாலும் பெட்டி சாயும். மேலே இருந்தால் பெட்டி இருவருக்கும் நடுவே தொங்கும், சாயாது, ஆனால் 67 செ.மீ. இடைவெளியில் தூக்குகிறவர் நடக்கும்போது தொடையில் இடிக்கும். ஊர்வலத்தில் எடுத்துப்போகும் மாதிரிக்கு வளையத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி வைப்பது நடைமுறைக்கு உகந்தது. காட்சிக்கு மட்டும் என்றால் அடியில் வையுங்கள். துட்டன்காமன் கல்லறையில் 1922-இல் கிடைத்த பொருட்களில் தண்டு வைத்த மரப்பெட்டி ஒன்று உண்டு. அதன் தண்டுகள் பெட்டியின் அடியில் உள்ள வெண்கல வளையங்களுக்குள் ஓடும். தேவையில்லாதபோது உள்ளே தள்ளிவிடலாம், நுனியில் உள்ள தடிப்பு முழுவதும் உருவிவராமல் தடுக்கும். உடன்படிக்கைப் பெட்டியின் தண்டை எடுக்கவே கூடாது என்பது கட்டளை, அதனால் அதே தடிப்பை உங்கள் தண்டின் இரு முனையிலும் வைக்கச் சொல்லுங்கள்.

முழு அளவு எப்படித் தெரியும் என்று செய்யுமுன் பார்க்க விரும்பினால், எய்லாத் நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள திம்னா பூங்காவில் ஆசரிப்புக் கூடாரம் முழு அளவில் நிற்கிறது, உள்ளே பெட்டியும் உண்டு. பொன்னோ வெள்ளியோ அசல் உலோகங்களோ அங்கே பயன்படுத்தவில்லை. ஆனால் கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் அளவுக்கு முன் பெட்டி எவ்வளவு சிறியது என்பது அந்த அறையில் நின்றால்தான் உறைக்கும். சுற்றிலும் அதே வேல மரங்கள்.

காணிக்கைப் பெட்டியும் மற்றவையும்

எங்கள் மதிப்பில், ஒரு சபை தச்சரிடம் ஒரே ஒரு வேதாகமப் பெட்டி செய்யச் சொல்வதானால் அது யோவாஸின் பெட்டியாக இருக்கட்டும். 2 இராஜாக்கள் 12-இல் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து மூடியில் துவாரம் போட்டு, ஆலயத்துக்குள் வருகிறவர்களின் வலதுபுறம் பலிபீடத்தின் அருகே வைத்தான். 2 நாளாகமம் 24 அதை வாசலுக்கு வெளியே வைத்ததாகச் சொல்கிறது. பணம் நிரம்பியதும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். இரண்டு பேர், இரண்டு அதிகாரம்: தணிக்கை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மாதிரி செய்யும்போது நாணயம் போகும் மெல்லிய கீறல் துவாரம் போடாதீர்கள். அந்தக் காலத்து யூதாவில் நாணயம் இல்லை, வெள்ளித் துண்டுகளை எடைபோட்டே கொடுத்தார்கள். வெட்டிய கட்டி, முறிந்த வளையம், சுருள் கம்பி எல்லாம் விழ வேண்டும், ஆகவே வட்டத் துளை. இன்று உண்மையிலேயே காணிக்கைக்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் துளைக்குக் கீழே உட்புறம் ஒரு சாய்வுப் பலகை கொடுங்கள், கை உள்ளே போகாது, கவிழ்த்தாலும் நோட்டு வெளியே வராது. ஏரோது காலத்து ஆலயத்தில் இருந்த 13 காணிக்கைப் பெட்டிகள் எக்காளம் போல வாய் குறுகி அடி அகன்றிருந்தன என்று யூத மரபு சொல்கிறது, நோக்கம் இதேதான். ஏழை விதவை இரண்டு காசு போட்ட காட்சிக்கு இந்த வடிவத்தைச் செய்யலாம்.

பூட்டு வேண்டாம், முத்திரை வைக்கலாம். எகிப்தியப் பெட்டிகளில் மூடியில் ஒரு குமிழ், முன்பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். இரண்டையும் சேர்த்து நூலை எட்டு வடிவில் சுற்றி, முடிச்சின்மேல் ஈரக் களிமண் உருண்டையை அப்பி, முத்திரையைப் பதிப்பார்கள். திருடனை அது தடுக்காது, யாரோ திறந்தார்கள் என்பதை மட்டும் மறைக்கவிடாது. எருசலேம் தாவீதின் நகரத்தில் 1982-இல் ஒரே வீட்டில் கிடைத்த 51 களிமண் முத்திரைகள் பத்திரச் சுருள்களைக் கட்டியவை. அவற்றில் ஒன்றில் சாப்பானின் குமாரன் கெமரியா என்ற பெயர் இருக்கிறது. இத்தகைய முத்திரைகளைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் நூல் ஓடிய பள்ளமும் நாணல்தாளின் இழைத் தடமும் அப்படியே பதிந்திருக்கும். வகுப்பில் பிள்ளைகள் செய்து பார்க்கச் சுண்டைக்காய் அளவு களிமண் போதும். அதிகம் அப்பினால் காயும்போது வெடித்து நூலை விட்டுவிடும்.

பெத்லகேம் ஒலிவ மரப் பெட்டிகளில் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் வைத்து மூன்று அறையாக விற்பதையும் பலர் வாங்குகிறார்கள். பரிசாகக் கொடுக்க நல்லது. மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தட்டுப்பட்டால் மரம் சரியாகக் காயவில்லை, ஊருக்கு வந்தபின் அது அகலும். சாஸ்திரிகள் பொக்கிஷங்களைத் திறந்தார்கள் என்றுதான் மத்தேயு எழுதுகிறார், மூன்று பெட்டி என்றோ மூன்று பேர் என்றோ சொல்லவில்லை.

தானியம், எண்ணெய், திராட்சரசம் வைக்க மரப்பெட்டி மாதிரி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அவை மண்சாடியிலும் குழியிலும் இருந்தவை. பெட்டி துணிக்கும் வெள்ளிக்கும் உரியது. பத்திரத்தைக்கூட, நெடுநாள் இருக்க வேண்டுமென்றால் மண்பாண்டத்தில் வை என்றே எரேமியா 32 சொல்கிறது. 1947-இல் கும்ரான் குகையில் சுருள்கள் கிடைத்ததும் மண்சாடிக்குள்தான். ஓய்வுநாள் பள்ளிக் கண்காட்சிக்குப் பெட்டியின் பக்கத்தில் மூடியுள்ள ஒரு மண்சாடியும் வைத்து, உள்ளே சுருட்டிய தாள் ஒன்றைப் போட்டுவிடுங்கள். குயவரிடம் சொல்லும்போது உயரம் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல், வாய் கை நுழையும் அளவு, மூடி கவிழ்த்த கிண்ணம் போல என்று சொன்னால் சரியாக வரும்.